இடைசெவலும் ஸ்ரீரங்கமும்: எழுத வருகிறவர்களுக்கு இரண்டு பாதைகள்

எழுத ஆசைப்பட்டும் எழுதாமல் இருப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ‘எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை, இலக்கணம் சரியாக வராது’ என்பது ஒன்று. ‘வேலைக்கே நேரம் சரியாகிவிடுகிறது, உட்கார்ந்து எழுத எங்கே முடிகிறது?’ என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையான தயக்கங்கள்தான். ஆனால் தமிழில் இந்த இரண்டுக்கும் வாழ்ந்து காட்டிய பதில்கள் உண்டு. முதல் தயக்கத்துக்குப் பதில் கி. ராஜநாராயணன். இரண்டாவதற்குப் பதில் சுஜாதா.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பேசுவது நம்மிடம் வழக்கமில்லை. கரிசல் இலக்கியத்தின் முன்னோடி ஒருவர், வாரப் பத்திரிகைகளின் நட்சத்திரம் இன்னொருவர் என்று தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இருவரும் எங்கிருந்து தொடங்கினார்கள், எதை எழுதினார்கள், எப்படி எழுதினார்கள், புதிதாக எழுத வருகிறவர் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைப் பார்ப்பதே நோக்கம்.

தொடங்கிய இடம்

கி.ரா. கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். விவசாயம் செய்தார், விவசாயிகள் போராட்டங்களில் நின்றார், இளமையில் காசநோயோடு மல்லுக்கட்டினார். அவருடைய ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. முதல் நாவல் ‘கோபல்ல கிராமம்’ வெளியான 1976இல் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பள்ளியை முடிக்காத அந்த மனிதர் 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021இல் மறைகிற வரைக்கும், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும், அவர் எழுத்தை விடவில்லை.

சுஜாதாவின் பயணம் வேறு. ரங்கராஜன் என்பது இயற்பெயர். 1935இல் பிறந்த அவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் என்று படிப்பு நேர்கோட்டில் போயிற்று. மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். இன்று நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. 1960களில் குமுதத்தில் எழுதத் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால், மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடராக வந்தது. அதன் பிறகு ஒரே காலத்தில் பல பத்திரிகைகளில் அவருடைய தொடர்கள் ஓடின. முழுநேர வேலை ஒருபக்கம் நடந்துகொண்டே இருந்தது.

ஒருவருக்குப் பட்டம் இல்லை. இன்னொருவருக்கு ஓய்வு இல்லை. இருவருக்கும் எழுத்து பிழைப்புக்கான முதல் தொழிலாகவும் தொடங்கவில்லை. வசதியான சூழல் அமைந்த பிறகு எழுதலாம் என்று இருவரும் காத்திருக்கவில்லை. புதியவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான். வயதும் பட்டமும் நேரமும் எழுத்தின் வேகத்தை மாற்றலாம். எழுதலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

கையில் இருந்த சரக்கு

எதை எழுதுவது என்பதில் இருவருக்கும் ஓர் அடிப்படை ஒற்றுமை உண்டு. இருவரும் தங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்ததை எழுதினார்கள்.

கி.ரா.வுக்குத் தெரிந்தது கரிசல் மண். மழையை நம்பிய விவசாயம், பருத்தி, கம்பு, ஆடுமாடு, தீர்வை, பஞ்சம், ஊர்ச்சாவடிப் பேச்சு. தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்து காடழித்து ஊரமைத்த முன்னோர்களின் கதைகளைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர் அவர். ‘கோபல்ல கிராமம்’ நாவலில் அந்த இடப்பெயர்வை மங்கத்தாயாரு என்ற கிழவி வாய்மொழியாகச் சொல்கிறாள். வரலாற்றுப் புத்தகம் எதிலும் இல்லாத வரலாறு அது. எழுதியவருக்கு நூலகம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

சுஜாதாவுக்குத் தெரிந்தது இயந்திரங்கள், அலுவலகங்கள், விமான நிலையங்கள், பெருகிக்கொண்டிருந்த நகரம். கணினி என்ற சொல் பெரும்பாலான வீடுகளை எட்டாத காலத்தில் அதன் இயக்கத்தைத் தமிழில் விளக்கினார். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவைத்தார். தொழிலில் கற்றதைக் கதைக்குள் கொண்டுவர அவர் தயங்கவில்லை. தொழில் அறிவும் இலக்கியமும் ஒட்டாது என்று நினைத்திருந்த தமிழ் வாசகர்களுக்கு அது புதிதாக இருந்தது.

ஓர் ஊடாட்டமும் இங்கே உண்டு. அறிவியல் புனைகதைக்குப் பெயர்பெற்ற சுஜாதா, தம் பால்ய ஊரை நினைத்து எழுதிய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ வாசகர்களின் நெஞ்சில் இன்றும் நிற்கிறது. கரிசலை விட்டு நகராதவர் என்று கருதப்பட்ட கி.ரா., ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடரை எழுதிப் பெருவாரிப் பத்திரிகையின் கெடுவுக்கும் ஈடுகொடுத்தார். ஒவ்வொருவரும் மற்றவரின் பாதையில் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. துணிக்கடையில் நிற்பவருக்குப் பண்டிகைக் கால வியாபாரத்தைப் பற்றித் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், தறி நெய்கிறவருக்கும், பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவருக்கும் அப்படித்தான். எதை எழுதுவது என்று தெரியாதபோது மனித வாழ்வு, அன்பு, தனிமை என்று பொதுப் பொருள்களின் பக்கம் போகவேண்டாம். உங்கள் வேலையில் வெளியாருக்குத் தெரியாத பத்து விஷயங்களைப் பட்டியல் போடுங்கள். பத்துக் கட்டுரைகளுக்கான விதை அதில் இருக்கும்.

இரண்டு கதைகள், ஒரே அநீதி

இருவருடைய வேலைப்பாட்டையும் நெருக்கத்தில் பார்க்க இரண்டு சிறுகதைகள் போதும்: கி.ரா.வின் ‘கதவு’, சுஜாதாவின் ‘நகரம்’.

‘கதவு’ கதையில் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே விளையாட்டுச் சாமான் அந்தக் கதவு. தீர்வை பாக்கிக்காக ஊர் அதிகாரியின் ஆட்கள் அதைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள் வேறோர் இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் அதே கதவைப் பார்த்துப் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

‘நகரம்’ கதையில் மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். பெரிய டாக்டர் பார்த்து உடனே சேர்க்கச் சொல்கிறார். தன் மாணவர்களிடம் அவர் ஆங்கிலத்தில் பேசுவது தாய்க்குப் புரியவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அலைகிறாள். கடைசியில், நாளைக் காலை வா என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அந்தக் குழந்தையைத் தேடச்சொல்லும் நேரத்தில் அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வெறும் காய்ச்சல்தானே, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறாள்.

இரண்டு கதைகளிலும் ஏழைத் தாய். இரண்டிலும் ஒரு குழந்தையின் உயிர். இரண்டிலும் அதிகாரத்தின் கண்ணுக்கு மனிதர் தட்டுப்படவில்லை. கொடியவன் என்று ஒருவரைச் சுட்ட இரண்டிலுமே ஆள் இல்லை. அவரவர் தம் வேலையைத்தான் செய்கிறார்கள். அதனாலேயே படிப்பவர் மனம் கொதிக்கிறது.

வேறுபாடு கருவிகளில் இருக்கிறது. கி.ரா. ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறார். கதவு முதலில் விளையாட்டு, பிறகு ஜப்தி, பிறகு சாவுக்குக் காரணம், கடைசியில் உறவு. வறுமை என்ற சொல்லால் சொல்ல முடியாததை ஒரு மரக்கதவு சொல்லிவிடுகிறது. சுஜாதா ஓர் அமைப்பைப் பிடித்துக்கொள்கிறார். சீட்டு, அறை எண், வரிசை, அலுவலகப் பேச்சு ஆகியவற்றை அப்படியே அடுக்குகிறார். அந்தத் தாயோடு வாசகரும் அறை அறையாக அலைகிறார். கி.ரா.வின் கதையில் காலம் நாள்கணக்கில் நகர்கிறது. சுஜாதாவின் கதையில் மணிக்கணக்கில் ஓடுகிறது. பொருளுக்கு ஏற்ற வேகத்தை இருவரும் தேர்ந்திருக்கிறார்கள்.

புதியவர் இதை உடனே பயிற்சி செய்து பார்க்கலாம். ‘எதிர்பாராத மழையால் விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்தித்தனர்’ என்று எழுதினால் அது செய்திக்குறிப்பு. ‘அறுத்துப் போட்ட நெல் களத்திலேயே முளைவிட்டது’ என்று எழுதினால் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எழுதியதில் வறுமை, துயரம், மகிழ்ச்சி, இழப்பு போன்ற சொற்கள் வரும் இடங்களைக் கோடிட்டுக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளையோ நடந்த ஒரு செயலையோ வைக்க முடியுமா என்று பாருங்கள். பாதி இடங்களில் முடிந்தால்கூட எழுத்து மாறிவிடும்.

காதும் கத்தரியும்

மொழி விஷயத்தில் இருவரும் எதிரெதிர் துருவங்கள் என்று நினைப்பவர் உண்டு. ஆழ்ந்து பார்த்தால் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள். பேச்சுத் தமிழின் உயிர்ப்பை ஏட்டில் ஏற்ற வேண்டும் என்பதே இருவருடைய முயற்சியும்.

கி.ரா. அதைக் காதால் செய்தார். கரிசல் மக்களின் சொற்களை வெறுமனே கதைகளில் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை. அவற்றைத் திரட்டி, 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகவே வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய வேலையை ஒரு விவசாயி செய்தார். சொல்லை எடுத்தாளும் முன் அது யார் வாயில், எந்தச் சூழலில், என்ன பொருளில் வழங்குகிறது என்று அவர் அறிந்திருந்தார். அதனால்தான் கரிசலைப் பார்த்திராத வாசகரும் அவர் கதைகளில் தடுக்கி விழுவதில்லை. தெரியாத சொல்லின் பொருளைச் சுற்றியுள்ள வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிடும்.

சுஜாதா அதைக் கத்தரியால் செய்தார். நீண்டு கிடந்த வாக்கியங்களை வெட்டினார். முன்னுரைகளைத் தவிர்த்து நிகழ்ச்சியின் நடுவில் கதையைத் தொடங்கினார். நகரத்து இளைஞர்கள் பேசும் கலப்புத் தமிழை உரையாடலில் தயங்காமல் கொண்டுவந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் ஒரே மூச்சில் படித்துவிடும்படி எழுதினார். வாசகரின் நேரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது. இன்று கைப்பேசித் திரையில் படிக்கிறவர்களுக்காக எழுதும் வலைப்பதிவருக்கு அந்த மரியாதை இன்னும் அவசியம்.

பின்பற்றுகிறவர்கள் வழிதவறுவதும் இந்த இடத்தில்தான். கி.ரா.வைப் படித்துவிட்டு எழுதும் சிலர், வட்டாரச் சொற்களை அலங்காரமாகத் தூவுகிறார்கள். பாத்திரங்கள் பேசுவதற்கு வேறு காரணம் இருப்பதில்லை. சுஜாதாவைப் படித்துவிட்டு எழுதும் சிலர், துண்டு வாக்கியங்களையும் சாமர்த்தியமான திருப்பங்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். படியில் இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே படிப்படியாக அச்சிட்டவர் அவர். அவர் செய்தபோது அது கண்டுபிடிப்பு. இன்று அதையே திரும்பச் செய்தால் அது நகல். அவர்களுடைய நடையை எடுத்துக்கொள்ள வேண்டாம்; நடையை உண்டாக்கிய பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.ரா.விடமிருந்து கேட்கும் பழக்கம். சுஜாதாவிடமிருந்து வெட்டும் பழக்கம்.

கேட்கும் பழக்கத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். கடையில், பேருந்தில், வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் காதில் விழும் புதிய சொல்லையும் பேச்சுத் தொடரையும் அன்றன்றே குறித்துவையுங்கள். யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்து. வெட்டும் பழக்கத்துக்கு, எழுதியதை ஓர் இரவு கிடப்பில் போட்டுவிட்டு மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுமாறும் இடத்தில் வாக்கியம் சரியில்லை. முதல் பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பல கட்டுரைகள் இரண்டாவது பத்தியில்தான் உண்மையில் தொடங்குகின்றன.

நேரமும் இதழும்

வேலை முறையில் இருவருக்கும் உள்ள தூரம் பெரிது. கி.ரா. ஊறப்போட்டு எழுதியவர். கேட்ட கதை பல ஆண்டுகள் மனத்தில் கிடந்து பிறகு தாளுக்கு வரும். அவருக்குத் தோழமையும் பயிற்சியும் கடிதங்களில் கிடைத்தன. அதே இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியும், இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி.யும் அவருடைய எழுத்துலக உறவுகள். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் யாரும் பகட்டாக எழுதுவதில்லை. கி.ரா.வின் உரைநடை எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் அமைந்ததற்கு அந்தக் கடிதப் பழக்கமும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

சுஜாதா கெடுவுக்கு எழுதியவர். வாரத் தொடரை எழுதுகிறவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லும் உரிமை கிடையாது. ஆனால் அவருடைய இதழ்த் தேர்வில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குமுதத்திலும் விகடனிலும் லட்சக்கணக்கானவர்களுக்கு எழுதியவரே, ‘கணையாழி’ என்ற சிறிய இதழின் கடைசிப் பக்கத்தில் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் 1965 முதல் எழுதிவந்தார். படித்த புத்தகம், பார்த்த படம், பிடித்த கவிதை, அறிவியல் செய்தி என்று ஒரு பக்கத்துக்குள் எது வேண்டுமானாலும் வரும். புதிய கவிஞர்கள் பலரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்த பக்கம் அது. பின்னாளில் ‘அம்பலம்’ என்ற இணைய இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். வலைப்பதிவு என்ற வடிவம் தமிழுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கடைசிப் பக்கத்தில் அதன் இலக்கணம் அமைந்துவிட்டது.

வாசகர் குறைவாக இருக்கும் இடம் தண்டனை இல்லை. அங்கேதான் சோதித்துப் பார்க்கும் சுதந்திரம் இருக்கிறது. கி.ரா.வும் ‘சரஸ்வதி’ போன்ற சிறிய இதழில்தான் முதலில் அறியப்பட்டார். உங்கள் பதிவை முப்பது பேர் படித்தால், அந்த முப்பது பேரும் சிறிய இதழின் வாசகர்களே. எண்ணிக்கையைப் பார்த்து எழுத்தை நிறுத்துவதும், எண்ணிக்கைக்காகப் பொருளை மாற்றுவதும் தொடக்கத்திலேயே செய்யக்கூடாதவை.

எதிர்ப்புக்கும் இருவரும் தப்பவில்லை. பேச்சுமொழியில் எழுதுவது மொழியைக் கெடுப்பது என்ற குறையைக் கி.ரா. நெடுங்காலம் கேட்டார், எழுத்தாலேயே பதில் சொன்னார். சுஜாதாவின் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ தொடர் எதிர்ப்பால் பாதியில் நின்றது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக் காலத்தில் நடக்கும் அதே கதையை மறுபடி ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று எழுதி முடித்தார். எழுத்து தடைபடலாம், எழுதுகிறவர் நிற்க வேண்டியதில்லை.

எதை முதலில் பழகுவது?

இரண்டு பாதைகளுக்கும் விலை உண்டு. ஊறப்போட்டுக்கொண்டே இருந்தால் எழுதாமலே காலம் போய்விடும் ஆபத்து இருக்கிறது. கெடுவுக்காக மட்டும் ஓடினால் சொல்ல எதுவும் மிஞ்சாமல் உத்தி மட்டும் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. கி.ரா.வின் சரக்கு இல்லாமல் சுஜாதாவின் வேகம் வெறும் சத்தம். சுஜாதாவின் கட்டுப்பாடு இல்லாமல் கி.ரா.வின் சரக்கு குறிப்பேட்டிலேயே உறங்கிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: முதலில் கி.ரா., அடுத்து சுஜாதா. முதல் ஆறு மாதம் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலையும் ஊரையும் பற்றிச் சிறிய பத்திகள் எழுதிப் பாருங்கள். மரபிலக்கணம் பிடிபடவில்லை என்று அஞ்ச வேண்டாம். ஒற்றுப் பிழையைத் திருத்திக்கொடுக்க ஒரு நண்பர் கிடைப்பார், நீங்கள் பார்த்ததை உங்களுக்காகப் பார்த்துத்தர யாரும் கிடைக்கமாட்டார். பிறகு வாரத்தில் ஒரு நாளை உங்களுக்கே கெடுவாக வைத்துக்கொண்டு, அந்த நாளில் ஒரு பக்கம் கட்டாயம் வெளியிடுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு நாள்தோறும் அரை மணி நேரம் போதுமானது. ஒரு பக்கம், ஒரு பொருள், தொடக்கத்திலேயே செய்தி, தேவையற்ற வரி ஒன்றுகூட இல்லை என்பது கட்டளையாக இருக்கட்டும்.

படிப்பு போதாது என்கிறவருக்கு இடைசெவல்காரரும், நேரம் இல்லை என்கிறவருக்கு ஸ்ரீரங்கத்துக்காரரும் பதில் சொல்லிவிட்டார்கள். இனி உங்கள் முறை. இந்த வாரமே, உங்கள் வேலையில் உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த வேலையைச் செய்பவர் ஒருவரிடமும், அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். முதலாமவர் ‘இது உண்மை’ என்றும், இரண்டாமவர் ‘இது புரிகிறது’ என்றும் சொன்னால், அடுத்த வாரத்துப் பக்கத்தைத் தயங்காமல் தொடங்கலாம்.